இருமிக் காட்டினால்தான் சித்தரத்தை

எங்கள் வீட்டுக்குச் சித்தரத்தை கேட்டு வருகிறவர்களை நான் முதலில் இருமச் சொல்வேன். இருமிக் காட்டினால்தான் கிழங்கு. இதற்காக ஜேடர்பாளையத்தில் எனக்குக் கிடைத்திருக்கும் பட்டப்பெயர்களை இங்கே எழுத முடியாது. ஆனால் சளியே இல்லாமல் சித்தரத்தை கேட்டு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஓசியில் கிடைக்கிறது என்றால் இருமலும் தானாக வந்துவிடும். பொய் இருமல் தொண்டையோடு நின்றுவிடும். நிஜ இருமல் விலாவைப் பிடித்துக்கொண்டு வரும். இதைக் கண்டுபிடிக்க டாக்டருக்குப் படிக்க வேண்டியதில்லை. கைக்குழந்தைக்கு என்று கேட்டால் குழந்தையைத் தூக்கிவரச் சொல்லி, நெஞ்சில் காதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன்.

சந்தேகம் என் கூடப் பிறந்தது. பால்காரர் ஊற்றியதும் நுரையை ஊதிவிட்டு அளவைப் பார்ப்பேன். சிலிண்டர் வந்தால் தூக்கி ஆட்டிப் பார்ப்பேன். கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டுப் போனால், வேறு யாருக்கோ எழுதியதை அழித்துவிட்டு எங்கள் பெயரைப் போட்டிருக்கிறார்களா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். "இவ சாமியே நேர்ல வந்தாலும் ஆதார் கார்டு கேப்பாளுங்க" என்று என் வீட்டுக்காரர் சொந்தக்காரர்களிடம் சொல்வார். அதுவும் அவர் வாய் திறக்கிற நாளில்.

அவர் வாய் திறக்காததற்குக் காரணம் இருந்தது. பரமத்தி வேலூரில் வாழைத்தார் ஏலம் கூறுகிறவர் அவர். களத்தில் பூவன், ரஸ்தாளி, மொந்தன் என்று தார்களை வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் விவசாயிகள், ஒரு பக்கம் வியாபாரிகள். நடுவில் இவர் நின்று விலையை ஏற்றிக்கொண்டே போய், ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று முடிப்பார். மைக் கிடையாது. கிணற்றுக்குள் குடம் விழுந்தாற்போல் கனமான குரல். கல்யாணமான புதிதில் வேலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே அந்தக் குரல் என் காதில் விழும். கூட வருகிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் மெதுவாக நடப்பேன்.

களத்தில் அப்படிக் கூவுகிற மனிதர் வீட்டில் ஊமை. தொண்டைக்கு ஓய்வு கொடுக்க வேண்டுமாம். கட்டைவிரலை வாய்க்கு நேராகக் காட்டினால் தண்ணீர். உள்ளங்கையைக் கவிழ்த்தால் போதும் என்று அர்த்தம். விரல்களைக் குவித்து விரித்தால் பூவனுக்கு நல்ல விலை. இருபது வருஷத்துக்கு மேல் இப்படித்தான் எங்கள் குடித்தனம் நடந்தது. கேள்வியும் நானே கேட்டு, பதிலும் நானே சொல்லிக்கொள்வேன். "ஏனுங்க, கொழம்பு நல்லா இருக்குதுங்களா? அருமையா இருக்குது புள்ள." அவர் சிரித்துக்கொண்டே சாப்பிடுவார். கட்டிக்கொடுத்த மகள் போன் செய்தால், அப்பா என்ன சொன்னார் என்று கேட்கமாட்டாள். அப்பா தலையாட்டினாரா என்றுதான் கேட்பாள்.

ஓய்வு மட்டும் இல்லை, பயமும் உண்டு. அவருடைய அண்ணனுக்கு முதலில் குரல்தான் கரகரத்தது. சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். போனவர் பேச்சில்லாமல் திரும்பினார், கொஞ்ச நாளில் ஆளும் இல்லாமல் போனார். தொண்டையில் புற்று. அண்ணன் எந்நேரமும் வாயில் போயிலை அடக்கியிருந்தவர். இவர் பாக்குக்கூடத் தொடாதவர். என்ன சொல்லி என்ன? அன்றிலிருந்து தொண்டை என்றால் இவருக்குப் பயம், ஆஸ்பத்திரி என்றால் அதைவிடப் பயம். அதனால் சித்தரத்தை. காலையில் பனங்கற்கண்டு போட்டுக் கஷாயம். ஏலத்துக்குக் கிளம்பும்போது கடைவாயில் ஒரு துண்டு. அது ஊற ஊற உறைக்கும், தொண்டை திறக்கும்.

முதலில் நாட்டு மருந்துக் கடையில்தான் வாங்கினோம். கடைக்காரர் மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே கண். சித்தரத்தை என்று சொல்லிப் பேரரத்தையை நறுக்கிக் கலக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இரண்டும் சுக்குமாதிரி காய்ந்து கிடந்தால் யார் கண்டார்கள்? ஒவ்வொரு துண்டாகக் கடித்துப் பார்ப்பேன். "ஏனுங்க்கா, பாதிய இங்கயே தின்னுட்டீங்கன்னா ஊட்டுக்கு என்னத்தக் கொண்டுபோவீங்க?" என்று கடைக்காரர் ஒருநாள் கேட்டுவிட்டார். அந்த ரோஷத்தில்தான் நாமே வளர்ப்பது என்று முடிவு செய்தேன்.

ஒரு ஆடிப் பதினெட்டுக்குக் கொல்லிமலைக்குப் போயிருந்தோம். கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு அம்மா மிளகு, அன்னாசியோடு மண் ஒட்டிய சித்தரத்தைத் தூர்களையும் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். பார்வைக்கு இஞ்சிச் செடிதான். இலை கொஞ்சம் நீளம். இலையைக் கசக்கி முகர்ந்தேன், கிழங்கை நகத்தால் கீறி முகர்ந்தேன், நாக்கில் வைத்தேன். இஞ்சியும் மிளகும் கற்பூரமும் சேர்ந்தடித்தது. அப்படியும் நம்பாமல், "கீழ வெயில்ல இது வருமுங்களா, இல்ல எங்க தலையில கட்டறீங்களா?" என்றேன். அந்த அம்மா கோபப்படவில்லை. "நெழல் குடு, தண்ணி நிக்க விடாத, ரெண்டு வருசம் தோண்டாத. வராட்டி அடுத்த ஆடிக்கு வந்து என்னையக் கேளு" என்றார்.

புறக்கடையில் மொந்தன் வாழைகளின் நிழலில் பாத்தி பிடித்து வைத்தேன். எங்கள் கொல்லையை ஒட்டி ராஜ வாய்க்கால் ஓடுகிறது, ஈரத்துக்குக் குறைவில்லை. முதல் கோடையில் இலையெல்லாம் நுனி கருகிவிட்டது. மலைச் சரக்கு சமவெளியில் பிழைக்காது என்று ஊரே சொன்னது. ஓலையை முடைந்து மேற்குப் பக்கம் மறைப்புக் கட்டினேன். அடுத்த மழைக்குத் தூர் தூராக வெடித்து, இடுப்பு உயரத்துக்கு நின்றது. வெள்ளைப் பூவில் சிவப்புக் கோடு ஓடும். வாடைக்காற்று அடித்தால் பின்கதவைத் திறந்ததுமே மணக்கும். பச்சையாகத் தோண்டி, கழுவி, உடனே நறுக்கிவிட வேண்டும். முழுசாகக் காயவிட்டால் அப்புறம் அம்மிக்குழவிதான் உடையும். இந்தப் பாத்திக்கு நான்தான் அதிகாரி. எந்தத் தூரை எப்போது தோண்டுவது என்று நான்தான் சொல்வேன்.

போன வருஷம் ஐப்பசியில் பாத்தியில் கை வைத்தது யார் என்ற கேள்வி வந்தது.

தண்ணீர் காட்டப் போனபோது ஒரு தூரின் ஒரு பக்க இலைகள் மட்டும் துவண்டு கிடந்தன. மண்ணைத் தொட்டுப் பார்த்தேன், பொலபொலவென்று இருந்தது. யாரோ பக்கவாட்டில் தோண்டிக் கிழங்கை எடுத்துவிட்டு, மறுபடி மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்து வைத்திருந்தார்கள். அவரிடம் காட்டினேன். கன்னத்தை உப்பி, இரண்டு கைகளாலும் மண்ணைப் பறிப்பதுபோல் செய்தார். பெருச்சாளியாம்.

பெருச்சாளி நோண்டினால் மண்ணைக் குவித்துவிட்டுப் போகும். சமன் செய்து மிதித்துவிட்டுப் போகாது. தவிர, இந்த உறைப்பைத் தின்கிற பெருச்சாளி இன்னும் பிறக்கவில்லை. இதையெல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை. 'அப்படிங்களா' என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் கிளம்பிப் போனதும் பாத்தி ஓரத்தில் சாம்பலைத் தூவி வைத்தேன். மறுநாள் சாம்பலில் ஒரு கால் தடம் விழுந்திருந்தது. வலது கட்டைவிரல் கொஞ்சம் விலகி நிற்கும் அந்தப் பாதத்தை இருபது வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

திருடர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். ஆனால் அவருக்குத்தான் நான் தினமும் கொடுக்கிறேனே? கேட்டால் இன்னும் கொடுப்பேனே? அப்படியானால் அது அவருக்கு இல்லை. வேறு யாருக்கோ போகிறது. யாருக்கு?

யாருக்கு என்று யோசிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. பக்கத்து ஊரில் வள்ளி கும்மிக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். நல்ல குரல், நல்ல சிரிப்பு. முந்தின வருஷம் ஒரு நிகழ்ச்சிக்கு முன்னால் தொண்டை கட்டிக்கொண்டது என்று சித்தரத்தை கேட்டு வந்தாள். வழக்கம்போல இருமச் சொன்னேன். "இருமறதென்னங்க்கா, பாடியே காட்டட்டுங்களா?" என்று நின்ற இடத்திலேயே இரண்டு வரி பாடினாள். உள்ளே படுத்திருந்த என் வீட்டுக்காரர் எழுந்து வந்து வாசற்படியில் நின்று கேட்டார். அந்த இரண்டு வரிக்காக எழுந்து வந்தவர் நான் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் படுக்கமாட்டார். அன்றே அதை மனசில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன்.

இப்போது அந்த முடிச்சை அவிழ்த்துப் பார்த்தால் எல்லாம் சரியாக வந்தது. கொஞ்ச நாளாக இவர் காதில் வயரை மாட்டிக்கொண்டு போனில் கும்மிப் பாட்டுக் கேட்கிறார். ஒருநாள் குளிக்கப் போனபோது எடுத்துப் பார்த்தேன், அவள் பாட்டுத்தான். கேட்டுக்கொண்டே உதட்டை அசைக்கிறார், மூச்சை இழுத்து இழுத்து விடுகிறார். ஐம்பத்தி மூன்று வயசில் இதென்ன கெரகம் என்று எனக்கு வயிறு எரிந்தது. சோறு போடும்போது தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

அந்த வாரமே அவளைப் பிடித்துவிட்டேன். வேலூர் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். வேறு சீட் காலியாக இருந்தும் அவள் பக்கத்தில் போய் நெருங்கி உட்கார்ந்தேன். எதற்கென்றால், முகர்ந்து பார்க்க. சித்தரத்தை தின்றவர்கள் வாயை மூடினாலும் மூச்சு காட்டிக்கொடுத்துவிடும். அவளிடம் கிராம்பு வாசனைதான் அடித்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அப்போது அவளாகவே கேட்டாள்: "அண்ணனுக்குத் தொண்டை இப்பத் தேவலைங்களா அக்கா?"

"அண்ணன் தொண்டைக்கு என்னுங்க அம்மிணி? நல்லாத்தான இருக்குது. உங்களுக்கு ஆரு சொன்னது?"

"இல்லைங்க்கா... சும்மா கேட்டனுங்க" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் புருஷன் தொண்டையைப் பற்றி எனக்குத் தெரியாதது இவளுக்கு என்ன தெரியும்? சந்தேகம் தீரவில்லை, இரண்டு மடங்காகிவிட்டது.

அன்று பொழுது இறங்குகிற நேரத்தில் துணி துவைக்க எடுத்தபோது அவருடைய பையையும் குடைந்தேன். துவைப்பதற்காக இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சீட்டோ, வளையலோ, ஏதாவது கிடைக்கும் என்று பார்த்தேன். கிடைத்தது ஒரு பழைய காக்கிச் சட்டை. சுருட்டி, அடியில் திணித்திருந்தது. வலது தோளிலும் முதுகிலும் வாழைக்கறை, துருப்பிடித்தது போன்ற பழுப்பு நிறத்தில். கறைமேல் கறை, ஒருநாள் இரண்டு நாள் கறை இல்லை.

வாழைக்கறை எந்தச் சோப்புக்கும் போகாது. வாழை ஊரில் பிறந்தவளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டாம். ஏலம் கூறுகிறவருக்கு மணிக்கட்டில் கறை படலாம், வேட்டியில் படலாம். தோளில் எப்படிப் படும்? தார் தூக்குகிறவர்களுக்குத்தான் அங்கே கறை இருக்கும். சட்டையை மூக்கில் வைத்து முகர்ந்தேன். வேர்வை, வாழைப்பால், அதற்கெல்லாம் அடியில் சித்தரத்தை.

சட்டையைப் பழையபடியே பையில் திணித்து வைத்துவிட்டு, மறுநாள் அவர் போன பிறகு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். யாராவது கேட்டால் வெற்றிலை வாங்கப் போகிறேன் என்று சொல்ல ஏற்பாடு. வேலூரில் இறங்கியதும் நின்று கேட்டேன். களத்திலிருந்து குரல் வந்தது. மைக் குரல். இளவட்டம் ஒருவன் தோளில் ஒலிபெருக்கியை மாட்டிக்கொண்டு வேகவேகமாக விலை கூறிக்கொண்டிருந்தான். நான் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

ஏலம் முடிந்த தார்களை லாரிக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் நாலாவது ஆளாக என் வீட்டுக்காரர் வந்தார். காக்கிச் சட்டை, தலையில் சுற்றிய துண்டு, தோளில் பூவன் தார். கன்னத்தில் ஒரு பக்கம் புடைத்திருந்தது, என் கிழங்கு. மைக்கில் அவன் ஒரு தரம் என்றதும் இவர் உதடும் ஒரு தரம் என்றது. ரெண்டு தரம் என்றதும் ரெண்டு தரம் என்றது. சத்தமே இல்லை. தாரை இறக்கிவிட்டுத் திரும்பும்போதும் உதடு அசைந்துகொண்டேதான் இருந்தது.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் இந்தக் களத்துக்குத் தார் கொண்டுவருகிறார்கள்? எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? யாராவது வந்து சொல்லியிருந்தால், இதை எதற்கு என்னிடம் சொல்கிறாய், உனக்கு இதில் என்ன லாபம் என்று அவர்களையே குடைந்திருப்பேன். சந்தேகக்காரியிடம் உண்மையைக் கொண்டுவந்து யார் மாட்டிக்கொள்வார்கள்?

பஸ்ஸில் திரும்பும்போது, அந்தப் பாட்டுக்காரியாகவே இருந்திருக்கக்கூடாதா என்று நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன். வேறொருத்தி என்றால் கூந்தலைப் பிடித்து இழுத்திருப்பேன். தொண்டைக்குள் உட்கார்ந்திருப்பதை எதைப் பிடித்து இழுப்பது? அண்ணனுக்கும் முதலில் குரல்தான் போனது. இவருக்குப் போய் எத்தனை நாளாயிற்று என்றுகூட எனக்குத் தெரியாது. வீட்டில் அவர் பேசாமல் இருப்பது எங்களுக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்துக்குள் அவர் ஒளிந்துகொண்டுவிட்டார். கிழங்கு கூடக் கேட்டால் எதற்கென்று நான் குடைவேன் என்றுதான் திருட்டுத்தனமாகத் தோண்டியிருக்கிறார்.

பொழுதோடு அவர் வெள்ளைச் சட்டையில் வந்தார். கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்து, விரல்களைக் குவித்து விரித்தார். பூவனுக்கு இன்று நல்ல விலை. அப்புறம் உதட்டைப் பிதுக்கினார். ரஸ்தாளி சுமார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கஷாயத்துக்கு ஒரு துண்டு வேண்டும் என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

"இருமிக் காட்டுங்க" என்றேன்.

சிரித்தார். விளையாட்டு என்று நினைத்திருப்பார்.

"வெளையாட்டில்லைங்க. ஊருக்கெல்லாம் ஒரு ஞாயம், உங்களுக்கொரு ஞாயமா? இருமிக் காட்டுனாத்தான் தருவேன்."

கையை ஆட்டி வேண்டாம் என்றார். நான் நகரவில்லை. கடைசியில் இருமினார். காய்ந்த ஓலையைத் தரையில் இழுத்தது போல ஒரு சத்தம் வந்தது. அதற்குள் குரல் என்று ஒன்று இல்லவே இல்லை. எத்தனையோ பேருடைய இருமலைக் கேட்டவள் நான். அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டதில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையாலேயே சமாதானம் சொன்னார்: பாத்தியைக் காட்டினார், தொண்டையைக் காட்டினார், கட்டைவிரலை உயர்த்தினார். இன்னும் கொஞ்ச நாள் சித்தரத்தை போட்டால் சரியாகிவிடுமாம்.

அப்போதுதான் அந்தச் செடி மேலேயே எனக்குச் சந்தேகம் விழுந்தது. கிழங்கு கெட்டது என்று இல்லை. சளிக்கு அது நல்ல மருந்துதான், இன்றைக்கும் சொல்வேன். ஆனால் இவருக்கு அது மருந்தாக இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகாமலிருக்க ஒரு சாக்காக இருந்தது. உறைப்பு இறங்கும்போது தொண்டை திறந்தாற்போல் இருக்கும். நாளைக்குச் சரியாகிவிடும் என்று தோன்றும். அந்த நாளைக்காக எத்தனை நாளைத் தள்ளியிருக்கிறார்! அதை நிழல் கொடுத்து, ஓலை கட்டி, காவல் காத்து வளர்த்துக் கொடுத்தவள் நான்.

மறுநாள் அவர் கிளம்பியதும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். மலையிலிருந்து வந்த முதல் தூரிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொன்றாகப் பெயர்த்து, மண்ணைக்கூட உதறாமல் ராஜ வாய்க்காலில் விட்டேன். பச்சை இலையோடு மிதந்து போயின. வீட்டில் காயவைத்திருந்த துண்டுகளையும் கொண்டுபோய்க் கொட்டினேன். கையெல்லாம் அந்த வாசனை. அழுதேன், திட்டினேன், வெட்டினேன். யாரைத் திட்டினேன் என்று கேட்டால் தெரியாது.

அவர் வந்து பின்கதவைத் திறந்தார். பாத்தி இருந்த இடத்தில் வெறும் மண். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பெருச்சாளிங்க" என்றேன்.

நான் கொடியில் காய்ந்துகொண்டிருந்த காக்கிச் சட்டையைக் காட்டினேன். முந்தின ராத்திரியே பையிலிருந்து உருவி, கெரசின் போட்டுத் துவைத்திருந்தேன், கறை போகவில்லை. அதைப் பார்த்ததும் அவருக்குத் தோள் இறங்கிவிட்டது. வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது, சொற்கள் காற்றாகவே வந்தன. நான் காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டேன்.

"எங்கண்ணனும் இப்படித்தான் புள்ள போனாரு."

"உங்கண்ணன் போட்டது போயிலை. நீங்க போட்டது சித்தரத்தை. நாளைக்குச் சேலம் போறம், கெளம்புங்க" என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கும் அதே பயம்தான்.

சேலத்தில் தொண்டை டாக்டர் ஒரு அம்மா. மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாணில் பட்டாணி அளவுக்கு ஒரு சதை வளர்ந்திருப்பதை டிவியில் காட்டினார். எடுத்துவிட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை நாங்கள் இருவரும் சாப்பிட்டோமா, தூங்கினோமா என்று நினைவில்லை. மகள் வந்து கூட இருந்தாள். வருஷக்கணக்காக மைக் இல்லாமல் கத்தியதில் வந்த சதைதான், புற்று இல்லை என்று டாக்டர் அம்மா சொன்னபோது இவர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் ரிப்போர்ட்டை வாங்கி, அதில் இருக்கிற பெயரும் வயசும் இவருடையதுதானா, வேறு யாருடையதாவது மாறி வந்துவிட்டதா என்று கேட்டேன். பதில் சொன்னார். மறுபடி கேட்டேன். "ஏம்மா, நல்ல சேதி சொன்னாக்கூட நம்பமாட்டீங்களா?" என்று சிரித்துவிட்டார்.

இனிமேல் ஏலம் கூறக்கூடாது, சத்தம் போடவே கூடாது என்றும் சொன்னார். அதைக் கேட்டபோது இவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. பாட்டுக்காரியிடம் இவர் போய் வந்ததும் மறுபடி ஏலம் கூறவேண்டும் என்பதற்காகத்தான், அப்புறம் அவளே சொன்னாள். குரல் போனால் திரும்பக் கொண்டுவர ஏதாவது பயிற்சி உண்டா என்று கேட்டிருக்கிறார். அவள் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து, டாக்டரிடம் போங்க அண்ணா என்றும் சொல்லியிருக்கிறாள். அவள் ஊர்ப்பக்கம் போகும்போது இப்போதெல்லாம் நானே இறங்கி ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஆபரேஷன் முடிந்து கொஞ்ச நாள் வாயே திறக்கக்கூடாது என்பது உத்தரவு. பேசலாம் என்று டாக்டர் அம்மா சொன்ன நாளும் வந்தது. இவர் பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. கட்டைவிரல்தான் தண்ணீர், கவிழ்த்த கைதான் போதும். டாக்டர் குரலையும் சேர்த்து எடுத்துவிட்டாரோ, என்னிடம் மறைக்கிறார்களோ என்று எனக்குப் பழையபடி அரிக்க ஆரம்பித்தது. அவரைக் கேட்கவும் பயம். என்ன வரும் என்று அவருக்கும் பயமாக இருந்திருக்கும்.

ஒருநாள் காலையில் பழைய பாத்தியில் களை கொத்திக்கொண்டிருந்தேன். மண்வெட்டியில் அறுபட்டு உள்ளே தங்கிவிட்ட ஏதோ ஒரு துண்டிலிருந்து, ஊசியாகச் சுருண்ட இலை ஒன்று வெளியே வந்திருந்தது. கிள்ளி முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு ஆண் குரல் கேட்டது. மெலிந்த குரல், ஓரத்தில் கொஞ்சம் பிசிறு.

"பெருச்சாளி கொஞ்சம் மிச்சம் வெச்சுட்டுப் போயிருக்குதாட்ட இருக்குது."

அந்தக் குரலை நான் முன்பின் கேட்டதில்லை. ஆம்பிளை யாரோ புறக்கடை வரைக்கும் வந்துவிட்டான் என்று களைக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து திரும்பினேன். "ஆருங்க அது?" என்று அதட்டினேன். கதவோரம் என் வீட்டுக்காரர் மட்டும்தான் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன்.

"நான்தான் புள்ள" என்றது அந்தக் குரல். அவர் உதடு அசைந்தது.

களைக்கொத்தைக் கீழே போட்டேன். கண்ணில் நீர் முட்டி அவர் முகமே தெரியவில்லை. ஆனாலும் என் புத்தி எங்கே போகும்?

"இன்னொருக்கா பேசிக் காட்டுங்க" என்றேன்.